கோணல் எழுத்து

பாலர் பள்ளிச் சுவரில் வரிசையாகத் தொங்கிய படங்களில் கடைசிப் படத்தை ருமினி ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் படத்தில் அம்மாவின் தலை பூசணிக்காய் அளவுக்கு இருந்தது, கைகள் காதுக்குப் பக்கத்திலிருந்து முளைத்திருந்தன.

"ஏன் ருமினி, உன் பத்திக் துணிக்கு பெக்காலோங்கான் ஊர்ல பாதிப் பேர் அடிச்சுக்கிறாங்க. உன் பொண்ணு போட்ட கோடு என்ன இப்படிக் கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்றாள் இன்னொரு பிள்ளையின் அம்மாவான ஹெஸ்தி, நாலு பேருக்குக் கேட்கும்படி.

"சின்னப் பிள்ளைதானே அக்கா" என்றாள் ருமினி. அவளுக்குக் காது சுட்டது.

துணியில் மெழுகால் பூவும் கொடியும் வரைவதுதான் ருமினியின் பிழைப்பு. அவள் மகள் கினந்திக்கோ ஐந்து வயதாகியும் தன் பெயரை எழுத வரவில்லை. வெனிங் டீச்சரின் பாலர் பள்ளியில் பிள்ளைகளைத் திட்டி எழுத வைக்கும் வழக்கமே கிடையாது. களிமண்ணில் பாம்பு செய்வார்கள், அதை வளைத்தால் எழுத்து. மற்ற பிள்ளைகளின் பாம்புகள் ஒவ்வொன்றாக எழுத்தாகிவிட்டன. கினந்தியின் பாம்பு மட்டும் பாம்பாகவே இருந்து, முட்டையிட்டு, குட்டியும் போட்டது.

"வந்துரும், அவசரப்படாதீங்க" என்பார் டீச்சர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். தினமும் பள்ளி வேலிக்கு வெளியே நின்று, "இன்னும் எழுத்துக்கு வரலையா உன் பொண்ணு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது ருமினி அல்லவா?

இன்று அம்மாக்கள் தினம். 'என் அம்மா' என்று வீட்டில் படம் போட்டு, அடியில் பெயர் எழுதி, பிள்ளைகள் கொண்டுவர வேண்டும். பிறகு பாயில் உட்கார்ந்து, அந்தப் படத்தின் கதையை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அம்மாக்கள் கை வைக்கக் கூடாது என்பது டீச்சரின் ஒரே சட்டம்.

அதில் அவர் கறார். "கோடு நேரா வந்தா அது அம்மா கோடு" என்று போன மாதம் சில படங்களை எல்லார் முன்னாலும் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதில் ஒன்று ஹெஸ்தி வீட்டுப் படம்.

வெனிங் டீச்சர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசிப் படத்தின் முன் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு அதைச் சுவரிலிருந்து கழற்றினார்.

ருமினி கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். "டீச்சர், அது இருக்கட்டுமே. எல்லார் முன்னாடியும் வேணாம், அசிங்கமா இருக்கு."

"அசிங்கமா? யார் சொன்னது?" டீச்சர் படத்தை உயர்த்திப் பிடித்தார். "எல்லாரும் நல்லாப் பாருங்க. மத்த படத்துல எது எதுல அம்மா கை பட்டிருக்குன்னு நான் சொல்லப் போறதில்ல, அவங்கவங்களுக்கே தெரியும்."

அம்மாக்கள் சிலர் அவசரமாகப் பாயைப் பார்த்தார்கள்.

"இது பிள்ளை கை. பேரைப் பாருங்க, மூணாவது எழுத்து கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பிக் கிடக்குது. இப்படித்தான் எழுத்து முதல்ல வரும். இதுக்குத்தான் இத்தனை மாசமாக் காத்துக்கிட்டிருந்தேன்." டீச்சர் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ருமினி, உங்களை மாதிரி ஒரு கை இருந்தும், பிள்ளை தப்பாப் போடுறதைப் பார்த்துக்கிட்டுப் பக்கத்துல சும்மா உக்கார்றது எவ்வளவு கஷ்டம்! என்னால முடியாதும்மா, சத்தியமா முடியாது."

எல்லாரும் கைதட்டினார்கள். ருமினிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. போதாக்குறைக்கு ஹெஸ்தி பக்கத்தில் வந்து, தேங்காய்ப்பூவில் புரட்டிய கிளெப்போன் உருண்டை ஒன்றை அவள் கையில் வைத்தாள்.

"நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத. என் பையன் படத்துல முக்காவாசி நான்தான். உன்னைப் பார்த்தா வெக்கமா இருக்கு."

உருண்டை கையிலேயே இருந்தது. ருமினி சட்டென்று எழுந்தாள். "டீச்சர், கினந்திக்குக் காலையிலருந்து உடம்பு கதகதன்னு இருக்கு. கதையெல்லாம் இன்னொரு நாள் சொல்லட்டுமே. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அஞ்சே நிமிஷம். இவ கதையைக் கேக்காம நான் யாரையும் விடமாட்டேன்."

கினந்தி துள்ளிக்கொண்டு வந்து பாயின் நடுவில் உட்கார்ந்தாள். காய்ச்சல்காரியாகத் தெரியவில்லை. டீச்சர் படத்தை அவள் மடியில் வைத்தார். அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்தாள். காதோரம் முளைத்த கைகள் மேல் விரலை வைத்து, எல்லாரையும் போலவே அவளும் சிரித்தாள்.

"சொல்லு கண்ணு, இந்தப் படத்துல அம்மா என்ன பண்றாங்க?"

கினந்தி யோசித்தாள். படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ருமினி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அம்மா, அங்கிருந்து சொல்லிக் குடுக்கக் கூடாது!" என்று டீச்சர் செல்லமாக அதட்ட, எல்லாரும் சிரித்தார்கள். "நீ சொல்லும்மா. பயப்படாத."

"எனக்குத் தெரியாது டீச்சர், அம்மாதானே இடது கையால போட்டாங்க, அவங்களையே கேளுங்க."