அஸ்டானிஷ்ட்

பிற்பகல் வெயில் கதவுக் கம்பிகளின் நிழலைக் கூடத்துத் தரையில் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. மேசைமேல் தொழிற்சாலை கொடுத்தனுப்பிய பழக்கூடை. காற்றாடிக் காற்றில் அதன் மஞ்சள் பிளாஸ்டிக் தாள் சரசரக்கிறது. இரண்டு விரல் போன வலக்கையைக் கட்டோடு மடியில் வைத்துக்கொண்டு, மேலாளர் பிரேமகுமார் நீட்டிய ஆங்கிலக் கடிதத்தைக் காளிதாஸ் படிக்கிறார். விபத்தைக் கேட்டு நிர்வாகம் என்னவோ ஆனதாம். அந்த ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. “அஸ்டானிஷ்ட்னா என்னா சார்?” “ரொம்ப ஆச்சரியப்பட்டோம்னு அர்த்தம்ணே. நாங்க இத எதிர்பார்க்கவே இல்லன்னு.” காளிதாஸுக்குக் காது மடல் சுடுகிறது. “மெஷின் மூடி உடைஞ்சி கிடக்குன்னு மூணு வாட்டி ஒங்ககிட்டதானே சொன்னேன்? போட்டோகூட அனுப்பினேன் லா. அப்புறம் என்னா ஆச்சரியம்?” பிரேமகுமார் பழக்கூடையைப் பார்க்கிறார். “லெட்டர்ல அப்படித்தாண்ணே எழுதுவாங்க. கெடைச்சிச்சின்னு ஒரு சைன் மட்டும் போடுங்க.” காளிதாஸ் பேனாவை இடக்கையில் வாங்குகிறார். தாள் கிழியும் அளவுக்கு அந்தச் சொல்லை அடிக்கிறார். அதற்கு மேலே, பல்லைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாகத் தமிழில் எழுதுகிறார்: முன்னாடியே தெரியும். பேனாவையும் கடிதத்தையும் சேர்த்தே நீட்டுகிறார். “இப்ப நீங்க சைன் போடுங்க சார்.”