டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டு

பொம்மிடி பட்டறையில் முருகேஷ், அருள்மணியின் பழைய அம்பாசிடரில், எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப மாட்டினான். எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் சீராகும்வரை அதை மெல்லத் திருப்பினான்.

"விடிகாலையில நானும் காவியாவும் சித்தேரி மலையேறணும். வண்டி நடுவுல நின்னுடாதுல்ல?"

"அதைப் பிடிச்சிருக்கற போல்ட்டை நல்லா முடுக்கிட்டேன், தைரியமா போ."

அருள்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்டா."

முருகேஷ் அவனைக் கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தான். வண்டி தெருமுனை திரும்பியதும் போன் போட்டான்.

"அப்பா, போல்ட்டை விரலாலதான் திருகியிருக்கேன். மேடு ஏறினா டிஸ்ட்ரிபியூட்டர் ஆடி வண்டி நின்னுடும். மலைரோட்டு வளைவுல ஆளுங்களோட காத்திருங்க."

"டேய்... காவியா உன் தங்கச்சிடா!"

"அவனோட ஓடிப்போறேன்னு என்கிட்ட வந்து சொன்னப்பவே அவ செத்துட்டாப்பா."