புதுப் பல்

மாசிலாமணியின் தோட்டத்துக்கு வந்தபோது அந்த மண்வாரி வண்டிக்கு வயது பதினைந்து. நான்கு கை மாறி வந்த வண்டி. அவர் அதற்கு நல்ல டயர் போட்டார், கசிந்த எண்ணெய்க் குழாய்களை மாற்றினார், மண் தோண்டும் பின்கை வாளிக்குப் புதுப் பற்களும் மாட்டிவிட்டார். வண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வேலை, கிணற்றுக்குப் பக்கத்தில் குட்டை வெட்டுவது.

"பாறை தட்டினா நிறுத்திக்கப்பா. அதுக்குப் பின்னாலதான் என் ஊற்று ஓடுது," என்றது கிணறு.

பாறை தட்டியதும் மாசிலாமணி நிறுத்தத்தான் பார்த்தார். "இந்தப் பல்லுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!" என்று வண்டி இன்னொரு குத்துக் குத்தியது. பாறை பிளந்து தண்ணீர் பீறிட்டது. வண்டி பூரித்துப்போனது.

மூன்றே நாளில் குட்டைத் தண்ணீரை மணல் குடித்துவிட்டது. கிணறும் வற்றிப்போனது.

"உன் பேச்சைக் கேட்டிருக்கணும், அக்கா," என்றது வண்டி.



அடுத்த மாதம் கிணற்றைத் தூர்க்க முடிவுசெய்த மாசிலாமணி, முன்வாளி நிறைய மண்ணோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அடியில ஓர் ஆமை கிடக்குப்பா," என்றது கிணறு. "அதை மட்டும் எடுத்துடச் சொல்லு."

மனிதரிடம் சொல்ல வண்டிக்கு வாய் ஏது? இன்ஜினை அணைத்துக்கொண்டது. சாவியைத் திருகித் திருகிச் சலித்த மாசிலாமணி கீழே இறங்கினார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர், படியில் இறங்கி ஆமையைத் தூக்கிவந்தார்.

மறுபடி சாவியைத் திருகினார். இனி அணைந்து நிற்க வண்டிக்குக் காரணம் இல்லை.

"கொட்டுறேன், அக்கா."

"கொட்டுப்பா," என்றது கிணறு.