நிரந்தர வேலை

"மெயின் ஸ்விட்சுல கை வச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன் மாமா!"

மூடிய அறைக் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மருமகள் எழுந்தே விட்டாள். எதிரே நின்ற மாமனார் தலைமை எழுத்தராக இருந்தவர். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் வீட்டில் யாருக்கும் ஓய்வு கொடுக்காதவர்.

"உள்ள என் கம்ப்யூட்டர்ல என்னதான் நடக்குது?"

"நோயாளிங்க விவரமெல்லாம் சேத்து வைக்க டேட்டாபேஸ் சர்வர் போடுறாங்க. ஒரு ஆஸ்பத்திரி ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை. பன்னெண்டு மணிக்குள்ள சர்வர் ஓடணும். ஆஸ்பத்திரிக்காரங்க அங்கேருந்தே நெட் வழியா சர்வருக்குள்ள நுழைஞ்சு பார்ப்பாங்க. சரியா இருந்தா வேலை, இல்லன்னா இல்ல."

அவருக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து மகனைக் கண்ணிலேயே காணவில்லை. துணைக்குக் கூப்பிடலாமென்றால் மனைவியும் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாக மருமகள் சொல்லியிருந்தாள்.

"இருக்கிற வேலைக்கு என்ன குறைச்சலாம்? நிரந்தர வேலை!"

"நிரந்தரம்தான் மாமா. அதுதான் அலுத்துப் போச்சாம்."

"மேல இருக்கிறவன் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வான். பொறுத்துத்தான் போகணும்."

"பொறுத்த வரைக்கும் போதும்னுட்டாங்க. நீங்க தூங்குற நேரமெல்லாம் ஒரு வருஷமா உக்காந்து படிச்சிருக்காங்க. நீங்க இப்ப கரண்டை நிறுத்தினா அத்தனையும் பாழ்." மருமகள் இடத்தை விட்டு அசையவில்லை.

அவர் எட்டிக் கதவில் காதை வைத்தார். மகன் கீபோர்டைத் தொட்டால் சடசடவென்று மழையாகக் கொட்டும். இன்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. பயல் பயந்து போயிருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மருமகளின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆஸ்பத்திரிலேருந்து பேசுறோம். எங்களால உள்ள நுழைய முடியலையே?"

"பார்த்தியா?" என்றார் மாமனார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "வெளியிலேருந்து நுழைய முடியலையாம்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள்.

உள்ளே சத்தம் நின்றது. பிறகு மறுபடி டக், டக், டக்.

"ஆங், திறந்துருச்சு. எல்லாம் கச்சிதமா இருக்கு. நாளைக்கே வேலைக்கு வந்துடச் சொல்லுங்க."

மருமகள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைப் படபடவென்று தட்டினார். "டேய்! நெனச்ச உடனே வேலையை விட்டுட்டுப் போயிடுவியா? முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேணாமா?"

"யாருக்குப்பா நோட்டீஸ்?"

வாசலில் காய்கறிப் பையோடு மகன் நின்றிருந்தான்.

அறைக் கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் மனைவி வெளியே வந்தாள்.

"இதுதாங்க நோட்டீஸ். நாளையிலேருந்து உங்க சமையலை நீங்களே பாத்துக்குங்க."