வலப்பக்கமா வா

"வலது கண்ணை எடுத்துடணும், மருதை. மருந்து, சொட்டு எதுக்கும் இது கட்டுப்படாது."

கண் டாக்டர் பாக்கியநாதன் சொல்லி முடித்ததும் அமிர்தம் மருதையைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஏதோ மின்னுகிறது என்றாரே என்று புருஷனைத் திருச்சிக்குக் கூட்டிவந்தால், இப்படியா?

"கண்ணுக்குள்ள கறுப்பா ஒரு கட்டி. புற்றுநோய். லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது. ஈரலுக்கு இறங்கிட்டா அப்புறம் யார் கையிலயும் இல்லை."

மருதை வருடக்கணக்காக ஸ்ரீரங்கம் பஸ் ஓட்டுகிறவர். காவேரிப் பாலத்தில் மாட்டு வண்டி குறுக்கே வந்தாலும் பதறாத மனுஷர். இப்போது துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு கண்ணு போனா போகுதுங்க. உசிரு இருந்தா போதும்," என்றாள் அமிர்தம்.

"அதைத்தான் நானும் சொல்றேன். இடது கண்ணு முதல் தரமா இருக்கு. லைசென்சுக்கு சர்ட்டிபிகேட் வாங்க வர்றப்பல்லாம் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிறீங்களே. விளக்கு வச்சு உள்ளேயும் பார்த்துட்டேன், அதுல கட்டி எதுவும் இல்லை."

"எடுக்காம விட்டா?" என்றார் மருதை.

"உயிருக்கு நான் பொறுப்பில்லை."

"விட்டுடுங்க டாக்டர். வேண்டாம்."

அமிர்தத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? மூஞ்சி அழகு போயிடும்னு பயப்படுறீங்களா?"

அவர் உதடு வறண்டிருந்தது. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, இடப்பக்கம் நின்று டம்ளரை நீட்டினாள். அவர் கை நீளவில்லை.

"வலப்பக்கமா வா."

கல்யாணமான நாளிலிருந்து இதே சாஸ்திரம். இடப்பக்கம் எதை நீட்டினாலும் வாங்க மாட்டார். உசிர் ஊசலாடும்போதுமா சாஸ்திரம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சுற்றி வந்து கொடுத்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க டாக்டர்," என்று மருதை உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அட்டை எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். "ப... ம... ட... க..." கடைசி வரி வரை ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"பாருங்கம்மா, எவ்வளவு தெளிவா படிக்கிறாரு," என்று நிமிர்ந்த டாக்டரின் குரல் சட்டென்று இறங்கியது. "மருதை, நீங்க பார்த்துட்டிருக்கிறது அறுபத்திரண்டாம் வருஷக் காலண்டர். அட்டை எதிர்ச் சுவர்ல இருக்கு."

மருதை கையை எடுக்கவில்லை.

"எல்லாம் மனப்பாடங்க. இடது கண்ணுல சின்ன வயசிலேருந்து வெறும் நிழல்தான். நீங்க எடுக்கணும்ங்கிற கண்ணாலதான் பஸ்ஸும் ஓட்டினேன், இவளையும் பார்த்தேன்."