ஒற்றை ஆள் நாடகம்

தேவாலயத்தில் சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு நாடகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு போதகர் மாசிலாமணிக்கு. புதிதாக எழுதுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு இளக்காரம். தானியேல் வாத்தியார் பத்து நிமிஷம் தனி ஆளாய் நின்று பேசி நடித்துக் காட்டினார்.

"இதெல்லாம் ஒரு நாடகமா வே? பதில் பேச ஆளே இல்ல. சொன்னதையே திருப்பிச் சொல்லுதீரு. திடீர்னு அழுவுதீரு, மேசையைக் குத்துதீரு. கேக்குதவன் தூங்கிருவான்லா! இந்தக் காலத்துல எவனுக்கு எழுதத் தெரியுது?"

"நான் எங்க எழுதுனேன், போதகரையா? போன ஞாயித்துக்கிழமை கோயில்ல நீங்க ஒண்ணரை மணி நேரம் செஞ்ச பிரசங்கம். சுருக்கிப் பேசுனேன்."

மாசிலாமணிக்கு முகம் கறுத்தது.

"என் பிரசங்கமா? எனக்கே தெரியலையே!"

"எப்படித் தெரியும்? வாராவாரம் கேக்குதது நாங்கதான!"