எந்த மாடிப்படி?

துணிக்கடையின் கிடங்குப் படியில் உருண்டு விழுந்தவளுக்கு வலது கால் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மாமியார், ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை.

"கண்ணைப் பிடரியிலயா வச்சிருந்தே? நாலு பேரு ஏறி இறங்குற படிதானே அது?"

படியில் பல்பு எரியாமல் எத்தனையோ நாளாகிறது, கைப்பிடி கழன்று தொங்குகிறது, போதாததற்குத் தலையில் துணி மூட்டை வேறு என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். சோறு போடுகிற கடையைக் குற்றம் சொல்லாதே என்று மாமியார் வாயை அடைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியே வார்டுக்குள் வந்தார். கையில் பழக்கூடை. முகத்தில் இன்னொரு கூடை துக்கம்.

மாமியார் பதறி எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலை அவருக்கு நகர்த்தினாள்.

வைத்தியச் செலவு முழுக்கத் தன் பொறுப்பு என்றார் முதலாளி. கடையில் வேலை செய்கிற எல்லாரும் தனக்குப் பெற்ற பிள்ளைகள் மாதிரி என்றார். குரல் தழுதழுத்தது. பக்கத்துக் கட்டில்காரிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி, தங்கமான மனுஷன். இவரையா குத்தம் சொன்னே?" என்று மாமியார் கிசுகிசுத்தாள். மருமகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டர் வந்தார். எப்படி அடிபட்டது என்று அவளைக் கேட்டார். வேலை செய்கிற இடத்தில் விழுந்திருந்தால் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"வீட்டு மாடிப்படியில வழுக்கிடுச்சு டாக்டர். பாவம், சின்னப் பொண்ணு."

அவள் திகைத்துப் போய்ப் பார்த்தாள். முதலாளி பாசமாக அவள் போர்வையை இழுத்துவிட்டார்.

"நல்லா ரெஸ்ட் எடும்மா. உன் வேலை எங்கயும் போயிடாது."

போய்விடும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்ற மாமியார், முதலாளி பக்கம் திரும்பினாள். குரலில் மரியாதை துளியும் குறையவில்லை.

"மாடி வச்ச வீடு எங்களுக்கு இருந்தா, என் மருமக எதுக்குங்கய்யா உங்க கடையில மூட்டை தூக்கப் போறா?"